கொட்டாஞ்சேனை அச்சகத்தில் என் கையெழுத்து

கொழும்பு விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி என் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, "என்ன தொழில்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இராணுவம் என்று சொல்ல வாயெடுத்து, எதற்கு வம்பு என்று, "எழுத்து வேலை, ஓய்வு பெற்றுவிட்டேன்" என்றேன். "பத்திரிகையாளரா?" என்றார். "இல்லை, இல்லை, இல்லவே இல்லை" என்றேன். மறுப்பதென்றால் ஒரே ஒரு முறை மறுக்க வேண்டும் என்று இளம் அதிகாரிகளுக்கு வகுப்பெடுத்தவன் நான். மூன்று முறை மறுத்தவனை அவர் நம்பாமல் பக்கத்து மேசைக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு பெண் அதிகாரி. எங்கே தங்குவீர்கள்? வெள்ளவத்தையில், அக்கா வீட்டில். அக்கா எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறார்? முப்பத்தைந்து வருடமாக. உங்களுக்கு இது எத்தனையாவது பயணம்? முதலாவது. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

நான் இராணுவத்தில் கர்னலாக ஓய்வு பெற்றவன். கர்னல் என்றதும் மீசை, துப்பாக்கி, பனிமலை என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மீசை இருந்தது. மற்றபடி என் போர்க்களம் டெல்லியில் ஒரு மேசை. மக்கள் தொடர்பு அதிகாரி என்று பெயர். பிற்காலத்தில் அதையே 'வியூகத் தகவல் தொடர்பு' என்று கனமாக்கினார்கள், வேலை அதேதான். மழையில் கூடாரம் சரிந்து விழுந்தால் 'பயிற்சி திட்டமிட்டபடி நிறைவுற்றது' என்று எழுதுவேன். வாழ்நாளில் நான் சுட்ட குண்டுகளைவிட 'நிலைமை கட்டுப்பாட்டில் உள்ளது' என்று எழுதியது அதிகம்.

அக்காவின் கணவர் இறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. சாவுக்கு நான் வரவில்லை. கடவுச்சீட்டு காலாவதியாகியிருந்தது என்று அக்காவிடம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் காலாவதியாகாமல் இருந்தாலும் வந்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. அக்கா போனில் அழவில்லை. "முப்பத்தொண்டுக்காவது வா" என்று மட்டும் சொன்னாள். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு என்று அர்த்தம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு படிவம் வரும். 'வெளிநாட்டில் வசிக்கும் நெருங்கிய உறவினர்' என்று அதில் ஒரு கட்டம். அந்த வருடங்களில் இந்தத் தீவின் பெயரைச் சொன்னாலே எங்கள் அலுவலகத்தில் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நான் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். ஒரு முறை 'இல்லை' என்று எழுதிவிட்டால் அடுத்தடுத்த படிவங்களிலும் அதையே எழுத வேண்டியிருந்தது. ஐந்து வயதில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போன செண்பகம் அக்கா, அரசாங்கக் காகிதத்தில் முப்பது வருடம் இல்லாமல் இருந்தாள்.

அவள் எனக்கு இன்னும் அக்காதானா என்று பார்க்கத்தான் வந்தேன். கேட்கும் தைரியம் இல்லாததால் ஒரு பை நிறைய அல்வா வாங்கி வந்திருந்தேன்.

வெள்ளவத்தையில் ஓட்டோக்காரர், தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் ஹட்டன் பக்கத்துக்காரர். "ஐயா இந்தியாவா? எந்தப் பக்கம்?" என்றார். திருநெல்வேலிப் பக்கம் என்றேன். "எங்க தாத்தாவோட அப்பாவும் அந்தப் பக்கந்தாங்க. எந்தப் பக்கம்னுதான் யாருக்கும் தெரியல" என்று சிரித்தார். வழியை அவரிடம் விட்டிருக்கலாம். கைப்பேசி வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு இடது, வலது என்று நான் கட்டளையிட்டேன். வரைபடம் வாசிப்பது இராணுவத்தில் முதல் மாதப் பாடம். ரயில் பாதை தாண்டிக் கடல் வந்துவிட்டது. "இதுக்கு மேல போட்லதாங்க போகணும்" என்றார் அவர். பிறகு தெருவில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் சிங்களத்தில் ஒரு வார்த்தை கேட்டு, இரண்டு நிமிடத்தில் கொண்டுபோய் இறக்கினார்.

மூன்றாம் மாடி. அக்கா கதவைத் திறந்தாள். தலை முழுவதும் நரைத்து, அம்மாவின் முகம் அப்படியே வந்திருந்தது. நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"வந்திட்டியே? சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா, சோறு ஆறுது" என்றாள்.

மாலை போட்ட படத்தில் அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். தில்லையம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர், திருச்சிக்குப் படிக்க வந்தவர், பிறகு கொழும்பில் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் கடைசிவரை கிளார்க். இங்கத்திய வழக்கில், கந்தோரில் கிளாக்கர். படத்துக்குக் கீழே விளக்கு எரிந்தது. கும்பிட்டேன். அவரைப் பார்க்க முடியவில்லை, விளக்கைத்தான் பார்த்தேன்.

முப்பத்தோராம் நாள்வரை வீட்டில் மரக்கறிச் சாப்பாடுதான், சைவம். கத்தரிக்காய்ப் பால்கறி, வல்லாரைச் சம்பல், பருப்பு, கடைசியில் சொதி. எங்கள் ஊரிலும் சொதி உண்டு. பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டு, கெட்டியாக, இஞ்சிப் பச்சடியோடு, கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து. இங்கே அது மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப்பாலாகத் தட்டில் ஓடியது. "இதுவா சொதி?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு வந்து சொதியில பிழை பிடிக்கிறாய்" என்றாள் அக்கா. அவள் மகள் வாசுகி தண்ணீர் குடிக்கும் சாக்கில் சிரிப்பை மறைத்தாள். வாசுகிக்குக் கொள்ளுப்பிட்டியில் வேலை. நான் இறங்கியதிலிருந்து என்னை வேடிக்கை பார்ப்பது அவளுடைய இரண்டாவது வேலையாகிவிட்டது.

இரண்டாம் நாள் காலை அக்கா ஒரு ஃபைலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கல்வெட்டு எழுத வேண்டும் என்றாள். நம் ஊரில் கல்வெட்டு கோவில் சுவரில் இருக்கும். இவர்களுக்கு அது ஒரு சிறு புத்தகம். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், உறவினர் பெயர்கள், நன்றி எல்லாம் அச்சடித்து, முப்பத்தோராம் நாள் சாப்பிட வருகிறவர்கள் கையில் கொடுப்பார்கள். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விடுபட்டது என்று வந்தவர்கள் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பார்களாம்.

"பேப்பர்காரருக்கு எழுதி எழுதிக் குடுத்தனி நீதானே. இதையும் நீ எழுது" என்றாள்.

பழைய உற்சாகம் வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் முடித்தேன். 'வெள்ளவத்தையைச் சேர்ந்த திரு. தில்லையம்பலம் (72) கடந்த மாதம் காலமானது உறுதி செய்யப்பட்டுள்ளது. அவர் கப்பல் நிறுவனம் ஒன்றில் பணியாற்றி வந்தார். அவருக்கு மனைவியும் ஒரு மகளும் உள்ளனர்.' முக்கியமானது முதலில், மூன்று வரி, கழிக்க ஒரு சொல் இல்லை. பெருமையோடு நீட்டினேன்.

வாசுகி வாசித்தாள். "மாமா, பஸ் அடிச்சுச் செத்த ஆளைப் பற்றிய நியூஸ் மாதிரி இருக்கு" என்றாள்.

அக்கா வாங்கி வாசித்தாள். "இதில அவர் எங்க?" என்று கேட்டாள்.

தாளைத் திருப்பிப்போட்டேன். அவளே சொல்லச் சொல்ல எழுதினேன். பிறந்த ஊர், தகப்பன், தாய், படித்த பள்ளிக்கூடம், மழைநாளில் கந்தோருக்குச் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போவது, கிரிக்கெட் வர்ணனை கேட்டால் எழும்பாமல் இருப்பது. மாலையாகிவிட்டது. கடைசியில், "டெல்லிக் கதையைப் போடு. அது கட்டாயம் வேணும்" என்றாள்.

என் பேனா நின்றது. வாசுகி உற்சாகமாக ஆரம்பித்தாள்: "அப்பா டெல்லிக்கு வந்த நேரம் நீங்கதான் அவரை ஜெனரலிட்ட கூட்டிக்கொண்டு போனீங்களாமே! பகிடிக்கு, 'இவர் கொழும்புப் பத்திரிகையாளர்' எண்டு சொன்னீங்களாம். அப்பாவும் விடாம பேனையை எடுத்துக் கேள்வி கேட்டவராம். அப்பா அதைச் சொல்லாத நாளில்லை."

அத்தான் அதை அப்படியொரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லியிருக்கிறார். நடந்தது வேறு.

கம்பெனி வேலையாக டெல்லி வந்தவர், மச்சானைப் பார்க்க என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பனையோலைப் பெட்டி. வாசல் காவலிலிருந்து போனில் கூப்பிட்டு, 'யார் என்று எழுதுவது?' என்று கேட்டார்கள். 'பத்திரிகையாளர் என்று எழுது' என்றேன். உள்ளே வந்து உட்கார்ந்து அவர் "தம்பி" என்று ஆரம்பிக்கும்போது கதவைத் திறந்துகொண்டு ஜெனரல் நுழைந்தார். இவர் யார் என்றார். நான் எழுந்து நின்று, "கொழும்பிலிருந்து வந்திருக்கும் பத்திரிகையாளர், சார்" என்றேன்.

அத்தான் என்னை ஒரு கணம் பார்த்தார். அவ்வளவுதான். பெட்டியைக் காலால் மெதுவாக நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "ஐயா, பனிமலையில் இருக்கும் சிப்பாய்க்குச் சாப்பாடு சூடாகப் போய்ச் சேருமா?" என்று நல்ல ஆங்கிலத்தில் கேட்டார். எந்தப் பத்திரிகையாளனும் ஜெனரலிடம் அதைக் கேட்டதில்லை. ஜெனரல் இருபது நிமிடம் பேசினார். அத்தான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். போகும்போது ஜெனரல் என்னிடம், "நல்ல மனிதர். இவரைத் தொடர்பில் வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசல்வரை கூட்டிப்போய், பத்திரிகையாளர்களுக்குக் கொடுப்பதுபோல் கை கொடுத்தேன். அவர் பெட்டியை என் மேசையிலேயே வைத்துவிட்டிருந்தார். "பனங்கட்டி. கந்தோர்ப் பிள்ளையளுக்குக் குடுங்கோ. வாறன்" என்றார். எங்கள் ஊர்க் கருப்பட்டிதான் அது. உள்ளே வந்ததும் சொன்ன 'தம்பி' என்ற சொல் இப்போது அவர் வாயில் வரவில்லை.

இதை அக்காவிடம் சொல்லாமல், 'டெல்லிக்குச் சென்றிருந்தபோது உயர் இராணுவ அதிகாரியொருவருடன் உரையாடும் வாய்ப்பைப் பெற்றார்' என்று எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் என் தொழில்.

மூன்றாம் நாள் கொட்டாஞ்சேனை. அக்கா ஒரு ஒட்டிய உறையைக் கையில் தந்து, "இதையும் பிரஸ்ஸில குடு. ஸ்கேன் பண்ணி ஒரு பக்கம் போடச் சொல்லு" என்றாள். மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன். நம் ஊர்ப் பஸ்ஸில் பாட்டு போடுவார்கள். இங்கே பாட்டுக்குள் பஸ் போகிறது. நடத்துனர் பாதிப் பயணம் வாசலுக்கு வெளியே தொங்கிக்கொண்டே, அவ்வளவு சத்தத்துக்கும் மேலே ஊர்ப்பெயர்களைக் கத்தினார். எனக்கு அந்தக் குரல் இருந்திருந்தால் ஒலிபெருக்கிச் செலவு மிச்சமாகியிருக்கும்.

கொட்டாஞ்சேனையில் இறங்கியதும் கோவில் மணியும் தேவாலய மணியும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. துறைமுகத்து லாரிகள் இரண்டையும் பொருட்படுத்தாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அச்சகம் ஒரு ஒடுங்கிய படிக்கட்டுக்கு மேலே. ஏறும் முன் கீழே இருந்த கடையில் பால் சேர்க்காத ஒரு பிளேன்டீயும், கண்ணாடிப் பெட்டிக்குள் முக்கோணமாக இருந்த ஒரு பன்னும் வாங்கினேன். பன்னை இங்கே பணிஸ் என்கிறார்கள். பணிஸைக் கடித்துக்கொண்டே மேலே போனேன்.

கணினிக்கு முன்னால் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சங்கிலியில் கோத்த கண்ணாடி, சுவர் முழுவதும் கல்யாண அட்டை, தேவாலயத்துப் புதுநன்மை அட்டை, கல்வெட்டு அட்டை மாதிரிகள். நான் வருவதை அக்கா போனில் சொல்லிவைத்திருந்தாள். என் கையைப் பார்த்தார்.

"ஐயா, முப்பத்தொண்டு இன்னும் முடியல்லையே. மாலு பணிஸ் சாப்பிடுறீங்க?"

"என்ன பணிஸ்?"

"மீன் பணிஸ்."

பாதி ஏற்கனவே உள்ளே போய்விட்டிருந்தது. மீதியைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஏன் வைத்துக்கொண்டேன் என்று கேட்காதீர்கள்.

ஸ்டெல்லா என் எழுத்தை வாசித்தார். வேலை சுத்தமான ஆள். "மனைவி புலம்பல் அம்மா சொன்னாங்க, இருக்கு. மகள் புலம்பல் இருக்கு. மைத்துனர் புலம்பல் போடவா? எங்ககிட்ட ரெடியா இருக்கு, பெயரை மட்டும் மாத்தணும்" என்றார். திரையில் காட்டினார். எட்டு வரி. முதல் வரி: 'அத்தான் என்றழைத்த வாய் இனி யாரை அழைக்கும்.'

நானும் இப்படித்தான் அறிக்கைகள் வைத்திருந்தேன், பெயருக்கு இடம் விட்டு. ஆனால் அந்த வரியை என்னால் இரண்டாம் முறை வாசிக்க முடியவில்லை. "இது வேண்டாம்" என்றேன்.

"எல்லா மைத்துனர்மாரும் இதத்தானே போடுறாங்க."

"எனக்கு வேண்டாம்."

அவர் வற்புறுத்தவில்லை. உறையைப் பிரித்தார். வாழ்த்து அட்டைகள். மேசையில் வரிசையாகப் பரப்பினார், பதினொன்று. பனிமலை, அணிவகுப்பு, மாலை போட்ட பீரங்கி. எங்கள் அலுவலகத்தின் புத்தாண்டு அட்டைகள். ஒவ்வொன்றிலும் தட்டச்சில்: 'திரு. தில்லையம்பலம், பத்திரிகையாளர், வெள்ளவத்தை, கொழும்பு.' ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து. மேலே ஒரு துண்டுக் காகிதத்தில் அக்காவின் கையெழுத்து: 'தம்பி வருடாவருடம் அனுப்பிய வாழ்த்துக்கள்.'

நான் ஒரு அட்டையும் அனுப்பவில்லை. எனக்கு உடனே விளங்கியது. தொடர்பில் வைத்துக்கொள் என்று ஜெனரல் சொன்னதை என் கிளார்க் காதில் வாங்கியிருக்கிறான். வாசல் பதிவேட்டிலிருந்து முகவரியை எடுத்துப் பத்திரிகையாளர் பட்டியலில் சேர்த்திருக்கிறான். அந்தப் பனங்கட்டியில் பெரும்பகுதியைத் தின்றவனும் அவன்தான். பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் யாரும் அதை எடுப்பதில்லை. அந்த மேசையில் நான் இருந்த பதினோரு வருடமும் அட்டை போயிருக்கிறது. ஒருமுறை அக்கா போனில், "கார்ட் வந்தது மணி" என்று சொன்னது ஞாபகம் வந்தது. வீட்டில் நான் மணி. 'சரி சரி' என்று சொல்லியிருந்தேன். என்ன அட்டை என்று கேட்கவில்லை. கேள்வி கேட்பது என் வேலையாக இருந்ததில்லை, சமாளிப்பதுதான் வேலை.

"ஐயா, அவர் பத்திரிகைக்காரரா? நீங்க கிளாக்கர்னு எழுதியிருக்கீங்க" என்றார் ஸ்டெல்லா.

"கிளாக்கர்தான்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டைகளைக் குனிந்து பார்த்தார். இரண்டை எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு, குரலைத் தணித்து, "கையால போட்டா பதினொன்னும் இப்படி ஒரே மாதிரி வராது ஐயா. இது முத்திரை. அம்மாவுக்குத் தெரியுமா?" என்றார்.

"நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லி, எல்லாவற்றையும் உறைக்குள் திணித்துக்கொண்டு இறங்கினேன்.

திரும்பும் பஸ்ஸில் மனதுக்குள் அறிக்கை தயாரித்தேன். 'சில சூழ்நிலைகள் காரணமாக' என்று ஆரம்பித்தேன். 'தவறான புரிதல்' என்று மாற்றினேன். மூன்றாவது வடிவத்தில் இருந்தபோது நடத்துனர் என் தோளைத் தட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்திலிருந்த பெண் தமிழில், "எங்க இறங்கணும்னு கேக்கிறார்" என்றார். வெள்ளவத்தை என்றேன். "அது போய் எவ்வளவு நேரம்! இது தெஹிவளை." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "களுபோவில ஆஸ்பத்திரிக்கா போறீங்க? ஆளைப் பார்த்தா அப்படித்தான் இருக்கு" என்றார். மூன்று பேர் சேர்ந்து எனக்கு ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னார்கள். இறங்கி, காலி வீதியில் வெள்ளவத்தைவரை வெயிலில் திரும்பி நடந்தேன். நடக்கிற தூரம்தான், ஆனால் இரண்டு முறை தேநீர் குடித்தேன், தைரியத்துக்கு.

அக்கா சாப்பாட்டு மேசையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். வாசுகி வேலையிலிருந்து வரவில்லை. நின்றபடியே ஆரம்பித்தேன். படிவம், 'இல்லை', வாசல் பதிவேடு, ஜெனரல், பனங்கட்டி எல்லாம் சொன்னேன். அத்தானை அத்தான் என்று சொல்லப் பயந்தேன் என்று சொன்னேன். வியர்வை ஊற்றியது.

அக்கா ஒரு காயை முறித்தாள். "அது தெரியும்" என்றாள்.

"தெரியுமா? அத்தான் சொன்னாரா?"

"அவர் வந்து பகிடியாத்தான் சொன்னவர். நான், 'தம்பி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவனோ, என்ன சாப்பிட்டனீங்கள்' எண்டு கேட்டன். மனுசன் பேசாமக் கால் கழுவப் போயிட்டார். அதோட விளங்கிப்போச்சு." இன்னொரு காயை எடுத்தாள். "வேற என்ன செய்தாய்?"

"மீன் பணிஸ் தின்றுவிட்டேன்."

அதற்குத்தான் கோபம் வந்தது. "முப்பத்தொண்டு முடியேல்ல! வயசென்ன உனக்கு? போய் வாயைக் கழுவு!" என்று எழும்பிவிட்டாள். பாதி பணிஸ் சட்டைப்பையில் இருந்ததை நான் வெளியிடவில்லை. வாய் கழுவிவிட்டு வந்தபோது அவள் உறையிலிருந்த அட்டைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பத்திரிகையாளர் எண்டு போட்ட கார்ட்டை அந்த நேரத்தில ஷோகேஸில வைக்கேலுமே? செக்கிங்குக்கு வந்தா என்ன எண்டு சொல்லுறது? இது வேண்டாம், கிழிச்சுப் போடுவம் எண்டு நான் சொன்னனான். அவர் விடேல்ல. அலுமாரியில என்ர சீலையளுக்கு அடியில வச்சவர். வருசா வருசம். பிறகு ஆரோ வேற ஆள் கையெழுத்துப் போட்டு வந்தது, அதுகளை எறிஞ்சிட்டார். உன்ரதை மட்டும் எறியேல்ல. 'அவன்ர கையெழுத்துக் கிடக்கு' எண்டுவார்."

இங்கே போர் நடக்க, டெல்லியில் நான் கதகதப்பாக உட்கார்ந்திருந்த வருடங்கள் அவை. சோதனைக்கு வந்தவர்கள் கண்ணில் அந்த அட்டை பட்டிருந்தால் அத்தானைக் கொண்டுபோயிருப்பார்கள்.

"அவரை ஆரெண்டு சொன்னா என்ன, விடு" என்றாள் அக்கா. மேலே இருந்த அட்டையில் கையெழுத்தின் மீது விரலை வைத்தாள். "இது நீ போட்டதுதானே?"

ஓம், அதாவது ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவள் கண் அதைத்தான் கேட்டது. முப்பது வருடம் நான் சம்பளம் வாங்கியதே இந்த மாதிரி நேரத்தில் அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காகத்தான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்ல அக்கா. ரப்பர் முத்திரை. கிளார்க் குத்தியது. அட்டை போனதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்."

அவள் விரலை எடுத்தாள். அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அத்தானின் படத்துக்கு முன்னால் நான் தனியாக நின்றேன். எனக்கு அழுகை வந்தது. அதை யாரிடமிருந்தும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்தவள் கையில் ஒரு பேனா. அத்தானுடையது. பயற்றங்காயைத் தள்ளிவிட்டு, அட்டைகளை என் முன்னால் வைத்தாள். வந்த நாளிலிருந்து என்னோடு யாழ்ப்பாணத் தமிழில் பேசியவள், முப்பத்தைந்து வருடத்தை அப்படியே தாண்டிப் பாளையங்கோட்டைக்கு வந்தாள்.

"அப்பம் இப்பம் கையெழுத்துப் போடுல."

உட்கார்ந்தேன். முத்திரைக்குக் கீழே இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கர்னல் என்று போட ஆரம்பித்தபோது பக்கத்தில் நின்று தலையில் குட்டினாள். 'மணி' என்று போட்டேன். பதினொன்றும் போட்டு முடிக்கும்வரை அவள் நகரவில்லை. பீரங்கி அட்டையில் பேனா வழுக்கி எழுத்து வளைந்துவிட்டது. வேறு பேனா கேட்டேன், தரவில்லை. பிறகு டெல்லிப் பத்தியைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். 'என் அலுவலகத்துக்கு வந்தவரை என் அத்தான் என்று நான் சொல்லவில்லை. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.' அக்கா வாசித்தாள். "இது காணும்" என்றாள். போதுமாம்.

நான்காம் நாள் காலை மறுபடி கொட்டாஞ்சேனை. இம்முறை சரியான இடத்தில் இறங்கினேன், பிளேன்டீ மட்டும் குடித்தேன். ஸ்டெல்லா புதிய பத்தியை வாசித்தார். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அச்சுக்கோத்தார். அட்டைகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தார். திரையில் பெரிதாக்கிப் பார்த்ததும் கை நின்றது.

"ஐயா, இதுல இப்ப ரெண்டு கையெழுத்து இருக்கு. ஒன்னு ஒழுங்கா இருக்கு, ஒன்னு கோணலா இருக்கு. பக்கத்துல ரெண்டும் இருந்தா வடிவா இருக்காது. எதை அழிக்க?"

"ஒழுங்காக இருப்பதை அழித்துவிடுங்கள்" என்றேன்.